ஜோத்பூருக்கு முதல் பயணம்: கோட்டையில் தொடங்கிக் கடைவீதிக்கு இறங்குங்கள்

ராஜஸ்தான் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஜெய்ப்பூருக்கும் ஜெய்சால்மருக்கும் நடுவே ஒரே ஒரு பகல்தான் ஜோத்பூரில் நிற்கிறார்கள். காரில் கோட்டைக்கு ஏறிப் படம் எடுத்துவிட்டு, காரிலேயே இறங்கி, மணிக்கூண்டுக் கடைவீதியில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு அது பெரிய அநியாயம். கோட்டை, அதன் அடியில் ஒட்டி நிற்கும் நீல வீடுகள், குளங்கள், படிக்கிணறுகள், கடைவீதி எல்லாம் ஒரே சரிவில் அமைந்தவை. பாறையில் விழுந்த மழைநீர் எந்தப் பக்கமாக இறங்கிக் குளத்தில் சேர்ந்ததோ, அந்தப் பக்கமாகவே நாமும் நடந்து இறங்கினால் ஊர் தானாகப் புரியும். அதற்கு முழுசாக இரண்டு நாள் வேண்டும். மூன்றாவது நாள் கிடைத்தால் சுற்றியுள்ள கிராமங்களையும் பார்க்கலாம்.

போவதற்கு முன்னால் இவ்வளவு வரலாறு தெரிந்தால் போதும். மார்வார் நாட்டை ஆண்ட ராட்டோர் அரசர்களின் பழைய தலைநகரம் மண்டோர். பாதுகாப்பான இடம் தேடி 1459-இல் ராவ் ஜோதா அங்கிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தெற்கே இருந்த பாறைக்குன்றுக்கு மாறினார். குன்றின் மேல் மெஹ்ரான்கட் கோட்டை எழுந்தது, கீழே அவர் பெயரிலேயே ஊர் வளர்ந்தது. குன்றில் தவம் செய்துகொண்டிருந்த சீரியாநாத் என்ற துறவியை அப்புறப்படுத்தியதால், இங்கே தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடு இருக்கட்டும் என்று அவர் சபித்தார் என்பது ஊர்க்கதை. அந்தச் சாபத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஊர் முழுக்க ஏன் இத்தனை குளமும் கிணறும் வெட்டினார்கள் என்பது கண்ணில் படும்.

எந்த மாதம் போவது

அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் பகல் இதமாக இருக்கும். ஆனால் இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ‘பாலைவனம்தானே, குளிர் எங்கே இருக்கப்போகிறது’ என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போகாதீர்கள். காற்றில் ஈரமே இருக்காது என்பதால் உதடும் குதிகாலும் வெடிக்கும். வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ கையோடு இருக்கட்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். இதே வட்டாரத்தில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவானது. கோட்டைப் பாறை காலை பதினொரு மணிக்கே அடுப்பாகிவிடும்.

ஜோத்பூரில் ஆண்டுக்குச் சுமார் 360 மில்லிமீட்டர் மழைதான். அதுவும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் ஆகஸ்ட் இறுதியில் போகலாம். அப்போதுதான் பாறைக்காடு பச்சையாக இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அக்டோபரில் சரத் பூர்ணிமையை ஒட்டி மெஹ்ரான்கட்டில் நாட்டுப்புற இசை விழா நடக்கும். லங்கா, மாங்கணியார் என்ற பரம்பரை இசைச் சமூகங்களின் கலைஞர்களைக் கோட்டை மதிலுக்குள் நிலா வெளிச்சத்தில் கேட்க விரும்பினால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அறை வாடகை கூடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நவராத்திரி நாட்களில் கோட்டைக்குள் இருக்கும் சாமுண்டா தேவி கோயிலுக்குக் கூட்டம் குவியும். 2008 செப்டம்பர் 30 அன்று, நவராத்திரி முதல் நாள் விடியற்காலையில், அங்கே ஏற்பட்ட நெரிசலில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் போக நேர்ந்தால் குறுகிய பாதையில் குழந்தைகளோடு நெரிசலுக்குள் நுழையாதீர்கள்.

போய்ச் சேருவது

மன்னார்குடியிலிருந்து பகத் கி கோட்டி வரை வாராந்திர ரயில் உண்டு. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். பகத் கி கோட்டி என்பது ஜோத்பூரின் இன்னொரு ரயில் நிலையம். ஜோத்பூர் ஜங்ஷனிலிருந்து சில கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு விடுதிக்காரரிடம் சொல்லுங்கள். அவ்வளவு நேரம் ரயிலில் இருக்க முடியாதவர்கள் டெல்லி வரை விமானத்தில் போய், பழைய டெல்லி நிலையத்தில் மண்டோர் எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். இரவு ஏறினால் காலையில் ஜோத்பூர். ஜெய்ப்பூரிலிருந்து வருவதானால் தொலைவு சுமார் 330 கிலோமீட்டர், அதற்கும் ரயிலே வசதி. நேரடியாக விமானத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் டெல்லி அல்லது மும்பையில் மாறி வர வேண்டியிருக்கும். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அது விமானப்படைத் தளமும்கூட. ஓடுபாதையைப் படம் எடுக்கக் கூடாது.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். செல்போன் செயலியில் வண்டி பிடித்தால் பேரம் மிச்சம். “நீங்கள் சொல்லும் விடுதி மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கேயே நின்று விடுதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே தங்குவது

நடக்க முடிந்தவர்கள் பழைய ஊருக்குள்ளேயே தங்குங்கள். மணிக்கூண்டுக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட சந்துகளில் ஹவேலிகள் என்ற பழைய மாளிகை வீடுகள் பல விடுதிகளாக மாறியிருக்கின்றன. மொட்டை மாடியிலிருந்து கோட்டை தெரிகிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். விளக்கு போட்ட கோட்டையைப் பார்த்துக்கொண்டே இரவுச் சாப்பாடு சாப்பிட வேறெதுவும் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

ஆனால் இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள். ஆட்டோ வாசல் வரை வருமா? அறை எத்தனையாவது மாடி? பல சந்துகளில் கார் நுழையாது. ஹவேலிப் படிகளோ செங்குத்தாக, ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு இருக்கும். மூட்டுவலி உள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் ரத்தனாடா, பாவ்டா பக்கம் லிஃப்ட் வைத்த விடுதியில் தங்கிவிட்டு, பழைய ஊருக்கு ஆட்டோவில் வந்து போவதே நல்லது.

முதல் காலை: மெஹ்ரான்கட்

கோட்டை அருங்காட்சியகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். திறக்கும்போதே அங்கே இருங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும், குறுகிய அறைகளில் வரிசை நகராது. விடுதியிலிருந்து ஆட்டோ பிடித்து, நாகோரி கேட் பக்கமாக ஏறும் சாலையில் ஜய் போல் வாசல் வரை போய்விடுங்கள் (‘போல்’ என்றால் இங்கே கோட்டை வாசல்). ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால். ஆட்டோவைத் திரும்பி வரச் சொல்லிக் காத்திருக்க வைக்காதீர்கள்.

டிக்கெட் வாங்கும்போது ஒலி வழிகாட்டிக் கருவியையும் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகத் தயாரித்திருக்கிறார்கள்; அவசரப்படுத்தும் ஆள் யாரும் கூட இல்லாமல் நம் வேகத்தில் நடக்கலாம். ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. அதில் மேலே போய், அங்கிருந்து பார்த்துக்கொண்டே இறங்கலாம்.

கோட்டை சமவெளியிலிருந்து சுமார் 120 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மதில் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. அடியில் இருப்பது எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகி உண்டான பாறை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன் மேல் நிற்கும் அரண்மனைகள் மணற்கல்லில் செதுக்கியவை. கீழே எரிமலைப் பாறை, மேலே சரிகை மாதிரி சன்னல்கள் என்ற அந்த மாற்றத்தை வாசலில் நின்று அண்ணாந்து ஒரு தடவை பாருங்கள்.

ஜய் போல் என்பது 1806-இல் மான் சிங் கட்டிய வெற்றி வாசல். அடுத்து வரும் டேட் காங்ரா போலில் பீரங்கிக் குண்டு பட்ட பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. கடைசியாக லோஹா போல். யானை ஓடிவந்து முட்ட முடியாதபடி பாதை சட்டென்று திரும்புகிறது. கதவில் இரும்பு முட்கள். அந்த வாசலின் சுவரில், குங்குமமும் வெள்ளித்தாளும் பூசிய சின்னச் சின்னக் கைத்தடங்கள் தெரியும். அரசர்கள் இறந்தபோது உடன்கட்டை ஏறிய ராணிகளின் நினைவுத் தடங்கள் அவை. 1843-இல் மான் சிங் இறந்தபோது ஏறியவர்களும் அதில் உண்டு. பக்கத்தில் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுப்பதைக் காணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அந்த இடத்தை மட்டும் அமைதியாகக் கடந்து போங்கள்.

உள்ளே அறை அறையாக எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்றில்லை. யானை அம்பாரிகள், பல்லக்குகள் உள்ள கூடங்களில் நேரம் கொடுங்கள். ஷாஜஹான் ஜஸ்வந்த் சிங்குக்குக் கொடுத்த வெள்ளி அம்பாரி அங்கே இருக்கிறது. பூல் மஹால் தங்கப்பூச்சில் மின்னும், எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். எனக்குப் பிடித்தது மோத்தி மஹால். 1595 முதல் 1619 வரை ஆண்ட சூர் சிங் காலத்தது. கிளிஞ்சல் தூள் கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. இன்றும் சுவரில் முத்து போன்ற மினுக்கம். ஐந்து மாடங்கள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் மறைவாக இருந்துகொண்டு ராணிகள் அரசவையைக் கேட்பார்களாம். தக்கத் விலாஸ் அறையின் கூரையில் கலர்க் கண்ணாடிக் குண்டுகள் தொங்கும். அது கொஞ்சம் மிகையான அலங்காரம், ஆனால் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

முடிவில் கொத்தளத்துக்கு வாருங்கள். பீரங்கிகளுக்கு அப்பால் கீழே நீல வீடுகள் தெரியும். சில பகுதிகளை மூடி வைத்திருப்பார்கள். தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள், கீழே நேர் செங்குத்து. இங்கே நின்று ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குளம் எங்கே, மணிக்கூண்டு எங்கே, நம் விடுதி எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்தால் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அதுவே வரைபடம்.

கோட்டையிலிருந்து நடந்து இறங்குவது

வந்த வழியே திரும்பாதீர்கள். ஊர்ப்பக்கம் பார்த்திருக்கும் ஃபதே போல் வழியாக இறங்குங்கள். வாசலைத் தாண்டியதுமே பக்கத்தில் ராணிசர், பதம்சர் என்ற இரண்டு குளங்கள். ராணிசரை வெட்டுவித்தவர் ராவ் ஜோதாவின் ராணி ஜஸ்மாதே. குன்றின் மழைநீர் முதலில் ராணிசரில் விழும். அது நிரம்பிய பிறகு வழிந்து பதம்சருக்குப் போகும். ஒரு காலத்தில் மேல் குளம் கோட்டைக்கும் கீழ்க் குளம் ஊருக்கும் தண்ணீர் கொடுத்தன. ஒரு சொட்டுகூட வீணாகாதபடி பாறைச் சரிவையே வாய்க்காலாக மாற்றியிருக்கிறார்கள். சாபக் கதையை நம்புகிறோமோ இல்லையோ, அதற்கு இந்த ஊர் மக்கள் சொன்ன பதில் இதுதான்.

அதற்குக் கீழே பிரம்மபுரி, நவசௌக்கியா. ஜோத்பூருக்கு ‘நீல நகரம்’ என்ற பெயர் வாங்கிக் கொடுத்த தெருக்கள். பிராமணர் வீடுகளுக்கு அடையாளமாக நீலம் பூசினார்கள், வெயிலின் சூட்டைக் குறைக்கப் பூசினார்கள், கரையானுக்குச் சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்ததால் வந்த நிறம் என்று பல காரணம் சொல்கிறார்கள். எல்லா வீடும் நீலமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். சிமென்ட் நிறம், மஞ்சள், ரோஸ் எல்லாம் நடுவே வரும். நீலத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் மறுநாள் காலை ஏழு மணிக்கு இன்னொரு தடவை வாருங்கள்.

இவை மக்கள் வாழும் வீடுகள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். “கம்மா கணி” என்று கைகூப்பினால் முகம் மலர்ந்துவிடும். மார்வாரில் வணக்கம் சொல்வது அப்படித்தான். பெரியவர்களிடம் பேசும்போது “ஹுக்கும்” என்று மரியாதையாகச் சேர்த்துக்கொள்வார்கள். இந்தி தெரியாவிட்டாலும் இந்த ஒரு வணக்கம் பாதி வேலையைச் செய்துவிடும். வழி தவறினால் பதற வேண்டாம். கோட்டை முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் கடைவீதிக்கு வந்துவிடுவீர்கள். சந்துகளில் ஸ்கூட்டர் வேகமாக வரும். குழந்தை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைவீதிக்கு முன்னால் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணற்றில் கட்டாயம் உட்காருங்கள். 1740-களில் மகாராஜா அபய் சிங்கின் ராணி கட்டுவித்தது. நாலாபுறமும் சிவந்த கல் படிகள் மடிப்பு மடிப்பாகத் தண்ணீருக்குள் இறங்கும். இந்திரா காந்தி கால்வாயிலிருந்து குழாய்த் தண்ணீர் ஊருக்கு வந்த பிறகு, பழைய கிணறுகளைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. பல குப்பைத் தொட்டிகளாயின. இதுவும் பல காலம் மூழ்கிக் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் தூர்வாரிச் சுத்தம் செய்யப்பட்டது. பையன்கள் மேல் திட்டிலிருந்து குதிப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் குதிக்காதீர்கள்; மிக ஆழம், படிகளும் வழுக்கும். மாலை வெயில் சாயும்போது கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மணிக்கூண்டும் கடைவீதிகளும்

1895 முதல் 1911 வரை ஆண்ட சர்தார் சிங் பெயரில் உள்ளது சர்தார் மார்க்கெட். அதன் நடுவே மணிக்கூண்டு. உள்ளூரில் ‘கண்டா கர்’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். கூண்டைச் சுற்றியுள்ள முதல் வட்டக் கடைகள் சுற்றுலாப் பயணிகளை நம்பி இருப்பவை. அங்கே விலை கேளுங்கள், வாங்காதீர்கள். உண்மையான கடைவீதி அதற்கு வெளியே தெருத் தெருவாகப் பிரிகிறது. துணிக்குக் கப்டா பஜார், வெள்ளிக்குச் சராஃபா பஜார், செருப்புக்கு மோச்சி பஜார், சகலத்துக்கும் திரிபோலியா. கல்யாணச் சாமான் வாங்க வரும் கிராமத்துப் பெண்கள் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அந்தக் கடைக்குள் நுழையுங்கள்.

என்ன வாங்கலாம் என்றால், முதலில் பந்தேஜ் துணி. ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிந்து சாயத்தில் தோய்ப்பது அது. அச்சடித்த போலியும் பக்கத்திலேயே தொங்கும். துணியைக் கையால் தடவுங்கள். உண்மையானதில் முடிச்சு இருந்த இடங்கள் மேடு மேடாகச் சுருங்கியிருக்கும், புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இராது, பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கும். முடிச்சை அவிழ்க்காமலே விற்கும் புடவையும் உண்டு. ஓரத்தை இழுத்து அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

மோஜரி என்ற தோல் செருப்பு அழகு. முதல் வாரம் கடிக்கும். இரண்டு காலிலும் போட்டுக் கடைக்குள் நடந்து பார்த்து வாங்குங்கள். ‘ஒட்டகத் தோல்’ என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். பெரும்பாலும் வேறு தோல்தான். அரக்கு வளையல் கடைகளில் உங்கள் கை அளவுக்குச் சூடாக்கி வளைத்துத் தருவார்கள். அதைச் செய்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சமையல்காரர்களுக்கு ஒரே ஒரு பொருளைச் சொல்வேன்: மத்தானியா மிளகாய். ஜோத்பூர் அருகே மத்தானியா வட்டாரத்தில் விளைவது. ஆழ்ந்த சிவப்பு, மணம், அளவான காரம். தூளாக வாங்காமல் முழு வற்றலாக, உள்ளூர் மளிகைக் கடையில் வாங்குங்கள். அலங்காரப் பொட்டலத்தில் கட்டிய மசாலா வகைகளுக்குச் சுற்றுலா விலைதான்.

பழைய மரச்சாமான், பித்தளைப் பொருள் விற்கும் பெரிய கிடங்குகளும் ஊரில் நிறைய. ஜோத்பூர் மரச்சாமான் ஏற்றுமதிக்குப் பேர் போன ஊர். புதிய மேசையை நூறு வருஷப் பழசாகத் தோன்ற வைக்கும் கைவேலையும் இங்கே உண்டு. பிடித்திருந்தால் புதுப் பொருளின் விலைக்கு வாங்குங்கள், பழமைக்காகப் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஆட்டோக்காரர் தானாகக் கூட்டிப்போகும் கடையில் அவருக்கான பங்கும் உங்கள் விலையில் சேர்ந்திருக்கும்.

பேரம் பேசுவதில் வெட்கம் வேண்டாம். ஆனால் நெய்தவர், தைத்தவர் தாமே உட்கார்ந்து விற்கும் இடத்தில் கடைசிப் பத்து ரூபாய்க்காக மல்லுக்கட்டாதீர்கள். அவர்கள் உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை ஏற்கெனவே குறைவு.

சாப்பாடு

காலையில் பியாஜ் கச்சோரி, அதாவது வெங்காய மசாலா பூரணம் வைத்தது. சுடச்சுட எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுக்கும் கடையில் நின்று சாப்பிடுங்கள். மிர்ச்சி வடா என்பது நம் ஊர் மிளகாய் பஜ்ஜிக்கு அண்ணன் மாதிரி. பெரிய மிளகாய்க்குள் உருளைக்கிழங்கு மசாலாவை அடைத்துப் பொரிக்கிறார்கள். ரொட்டித் துண்டுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுவது உள்ளூர்ப் பழக்கம். மாவா கச்சோரி இனிப்பு: உள்ளே பால்கோவா, மேலே சர்க்கரைப்பாகு. ஒன்றை இருவர் பங்கிட்டாலே நிறைந்துவிடும். மணிக்கூண்டு மார்க்கெட் நுழைவாயிலில் இருக்கும் மிஷ்ரிலால் கடையின் மக்கனியா லஸ்ஸிக்கு ஊரெங்கும் பெயர். குங்குமப்பூ மணத்தோடு கெட்டியாக இருக்கும், ஸ்பூனால் எடுத்துத்தான் சாப்பிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் கேர் சாங்கிரி கேளுங்கள். சாங்கிரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரத்தின் காய். வேறெந்தப் பச்சைக் காயும் கிடைக்காத பூமியில், இந்தக் காயையும் கேர் புதரின் காயையும் காயவைத்து வருஷம் முழுக்கச் சமைத்தார்கள். கட்டே கி சப்ஜி, கடலைமாவு உருண்டைகளைத் தயிர்க் குழம்பில் போட்டது. தண்ணீர் குறைந்த ஊரில் மோரும் நெய்யும் தண்ணீரின் வேலையைச் செய்கின்றன. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லால் மாஸ் என்ற காரமான சிவப்பு ஆட்டுக்கறிக் குழம்பு உண்டு. காரம் தாங்காவிட்டால் “கம் மிர்ச்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிசிச் சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ரயில் நிலையம் பக்கமுள்ள ஓட்டல்களில் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு நாளும் கம்பு ரொட்டியோடு இருந்து பாருங்கள்.

இரண்டாம் நாள்

காலையில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. கோட்டையின் அடிவாரத்திலேயே சுமார் 70 ஹெக்டேர். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நம் ராமநாதபுரத்தில் நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட அதே சீமைக் கருவேலம் இந்தப் பாறைச் சரிவையும் மூடியிருந்தது. இங்கே அதற்கு ‘பாவ்லியா’ என்று பெயர். 2006-இல் அதை வேரோடு அகற்றும் வேலை தொடங்கியது. பாறை இடுக்கில் இறங்கிய வேரை இயந்திரத்தால் எடுக்க முடியவில்லை. மணற்கல் உடைப்பதையே தலைமுறைத் தொழிலாகக் கொண்ட கண்ட்வாலியா தொழிலாளர்கள் உளியும் சுத்தியலுமாக ஒவ்வொரு வேரையும் தோண்டி எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே தார்ப் பாலைவனத்தின் சொந்தச் செடிகளை நட்டார்கள். இன்று கள்ளியும் கேர் புதரும் ‘குமட்’ மரமும் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. நம் மாவட்டங்களில் கருவேலத்தை அகற்றுவது பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் ஒரு முறை இங்கே வந்து நடக்க வேண்டும் என்பது என் ஆசை. நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டு, எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜஸ்வந்த் தடா. 1899-இல் இரண்டாம் ஜஸ்வந்த் சிங் நினைவாக எழுந்த வெள்ளைச் சலவைக்கல் மண்டபம். கல் பலகைகள் மெல்லியவை, வெளிச்சம் ஊடுருவும். அரை மணி நேரம் போதும்.

பிற்பகலில் உமைத் பவன், மண்டோர் இரண்டில் ஒன்று என்றால் நான் மண்டோரைத் தேர்ந்தெடுப்பேன். உமைத் பவன் 1929-இல் தொடங்கி 1943-இல் முடிந்த 347 அறை அரண்மனை. பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுக்கக் கட்டியது. இன்று ஒரு பகுதி நட்சத்திர ஓட்டல், ஒரு பகுதி அரச குடும்பம், பொதுமக்களுக்குச் சின்ன அருங்காட்சியகம் மட்டும். மண்டோரிலோ ராட்டோர் அரசர்களின் நினைவு மண்டபங்கள் கோயில் விமானம் போலச் செந்நிறக் கல்லில் உயர்ந்து நிற்கின்றன. ராவணனின் மனைவி மண்டோதரி பிறந்த ஊர் இதுதான் என்பது உள்ளூர் நம்பிக்கை. ராவணனை இங்கே மாப்பிள்ளையாக நினைப்பவர்களும் உண்டு. குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வேண்டாம்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

வண்டி ஒன்று பேசிக்கொண்டு, மரத்தையும் விலங்கையும் காப்பதைத் தங்கள் நெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்களின் கிராமங்களுக்குத் தெற்கே போங்கள். சாலாவாஸில் கைத்தறியில் ஜமக்காளம் நெய்கிறார்கள். நெய்பவர் வீட்டிலேயே வாங்கலாம். குடா பிஷ்னோயியான் ஏரிப் பக்கம் காலையில் வெளிமான் கூட்டம் மனிதரைக் கண்டு ஓடாமல் மேயும். அங்கே யாரும் அதை வேட்டையாடுவதில்லை.

கேஜர்லி கிராமத்தை விட்டுவிடாதீர்கள். 1730-இல் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு எரிக்க விறகு வேண்டும் என்று வன்னி மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் இங்கே வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரையும் அவருடைய மூன்று மகள்களையும் வெட்டினார்கள். அதன் பிறகும் ஒருவர் பின் ஒருவராக வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். நினைவிடம் எளிமையானது, சுற்றிலும் வன்னி மரங்கள். முந்தின நாள் கோட்டையில் பார்த்த தங்கப்பூச்சு பூல் மஹால், மரம் வெட்ட ஆள் அனுப்பிய அதே அபய் சிங் காலத்தது.

சில கிராம வீடுகளில் பயணிகளுக்கு அபின் கரைத்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தர முன்வருவார்கள். விருந்தோம்பல் வழக்கமாகச் செய்தாலும், சட்டப்படி அது குற்றம். கைகூப்பி மறுத்துவிட்டுத் தேநீர் கேளுங்கள், வருத்தப்பட மாட்டார்கள்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் போகிறவர்களுக்குச் சுமார் 280 கிலோமீட்டர், ரயிலும் பஸ்ஸும் உண்டு. காரில் போவதானால் வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் உள்ள ஓசியானில் இறங்கிவிட்டுப் போங்கள். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாவீரர் கோயில், குன்றின் மேல் சச்சியா மாதா கோயில், ஊரை ஒட்டியே மணல்மேடுகள். ஒட்டகச் சவாரி ஆசையை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். விலையை ஏறும் முன்னாலேயே, ஒரு ஆளுக்கா ஒரு ஒட்டகத்துக்கா என்று கேட்டுப் பேசிவிடுங்கள்.